பெரிய விமானப் பாகங்கள்: அச்சிட்ட உலோகத்தை ஏன் அழுத்தவும் வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: 3டி பிரிண்டிங்கில் உலோகத்தை நேரடியாக வடிவமாக எடுக்க முடியும் என்றால், விமானத்துக்கும் ராக்கெட்டுக்குமான பெரிய பாகங்களைச் செய்யும்போது எதற்காக ரோலிங் (உருளையால் அழுத்துவது), ஃபோர்ஜிங் (சூடான உலோகத்தை அமுக்கி வடிவமாக்குவது), தகடு வளைத்தல் எல்லாவற்றையும் அதோடு சேர்க்கிறார்கள்? அதில் உண்மையான லாபம் இருக்கிறதா, இல்லை ஆய்வுக் கட்டுரையோடு நின்றுவிடுகிற சமாச்சாரமா?

லாபம் இருக்கிறது, ஆனால் எல்லா வடிவத்துக்கும் இல்லை. அச்சிடும் இயந்திரம் உலோகத்தை வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும். அந்த உலோகத்தின் உள்ளமைப்பைச் சீராக்கும் வேலையை இத்தனை காலமும் அழுத்தம்தான் செய்துவந்தது. சின்ன பாகத்தில் அந்த இரண்டாவது வேலையை வெப்பப் பதப்படுத்தலாலும் பாகத்தைச் சூட்டில் எல்லாப் பக்கமும் அமுக்கும் உயரழுத்த வாயுக் கலத்தாலும் ஓரளவு ஈடுகட்டிவிடலாம். ஒன்றிரண்டு மீட்டர் நீளப் பாகம் என்று வரும்போது அந்த வசதிகள் குறையும், விலை ஏறும். அதனால்தான் அழுத்தத்தை மறுபடி உள்ளே கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

ஃபோர்ஜிங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நாம் மாற்ற நினைப்பது அதைத்தான். சின்னதாக ஒரு கணக்கு. சூடான டைட்டானியத்தை டைக்குள் (வடிவம் குடைந்த கட்டைக்குள்) பாயவைக்க ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 300 நியூட்டன் தேவை என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் 1 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு பல்க்ஹெட்டுக்கு (விமான உடலின் குறுக்குச் சட்டகம்) 300 மெகாநியூட்டன் வேண்டும், அதாவது ஏறக்குறைய 30,000 டன். பாகம் பெரிதானால் விசையும் அதே விகிதத்தில் ஏறும். இதில் குறுக்குவழி எதுவும் கிடையாது.

அதனால்தான் இந்தத் துறையின் வரலாறே ராட்சத ப்ரஸ்களின் (அழுத்து இயந்திரங்களின்) வரலாறாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்களில் பெரிய ஒற்றைப் பாகங்களைப் பார்த்து அமெரிக்கர்கள் வியந்தார்கள். போர் முடிந்ததும் ஜெர்மனியின் மிகப் பெரிய ப்ரஸ் சோவியத் ஒன்றியத்தின் கைக்குப் போனது. அதற்குப் பதிலடியாக 1950இல் அமெரிக்க விமானப்படை தொடங்கிய திட்டத்தில் மொத்தம் 10 இயந்திரங்கள் கட்டப்பட்டன: 4 ஃபோர்ஜிங் ப்ரஸ், 6 எக்ஸ்ட்ரூஷன் ப்ரஸ் (உலோகத்தைத் துளை வழியாகப் பிதுக்குபவை). அவற்றில் இரண்டு 50,000 டன் திறன் கொண்டவை, ஒன்று கிளீவ்லாண்டில், மற்றொன்று மாசசூசெட்ஸின் கிராஃப்டனில். இரண்டுமே 1950களின் நடுவில் ஓடத் தொடங்கியவை. 2008இல் கிளீவ்லாண்ட் ப்ரஸ்ஸில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதைத் தூக்கிப் போடாமல் சுமார் 10 கோடி டாலர் செலவழித்துச் சீரமைத்து 2012இல் மறுபடி ஓட்டினார்கள். ரஷ்யாவின் வெர்க்னயா சால்டாவில் 75,000 டன், சீனாவின் தேயாங்கில் 80,000 டன். உலகத்தில் இந்த அளவுக்கு இருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ப்ரஸ் எண்ணிக்கை குறைவு என்றால் வரிசை நீளும். அதோடு ஒவ்வொரு பாகத்துக்கும் டை வெட்ட வேண்டும், பல கட்டங்களில் அடிக்க வேண்டும் என்றால் அத்தனை கட்டத்துக்கும் தனித்தனி டை வேண்டும். ஆர்டர் ஐம்பது பாகம்தான் என்றாலும் டைக்கு ஆகும் மாதங்கள் குறையாது. போதாக்குறைக்கு, பெரிய ப்ரஸ்ஸில் வருவது தடிமனான, மொத்தையான ஒரு வடிவம். மெல்லிய சுவரும் அதை விறைப்பாக்கும் விலாக்களும் மெஷினிங்கில்தான் வெளிப்படும். வாங்கும் உலோகத்தின் எடைக்கும் கடைசியில் பறக்கும் எடைக்கும் உள்ள விகிதம் டைட்டானியத்தில் 10க்கு 1, 20க்கு 1 என்று போவது சாதாரணம். 20 கிலோ வாங்கி 19 கிலோவைச் சுருள் தூளாக வெட்டித் தள்ளுகிறோம். டைட்டானியம் வெட்டுவதற்கும் மெதுவான உலோகம், வெட்டிய தூளைத் தரமான உலோகமாக மீட்பதும் சுலபமில்லை. போயிங் 787இன் எடையில் சுமார் 15% டைட்டானியம் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், ஏன் எல்லோரும் மாற்று தேடுகிறார்கள் என்பது புரியும். 2022இல் உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்ய டைட்டானியத்தை நம்பியிருந்தவர்கள் எல்லாம் அவசரமாக வேறு வழி பார்க்க வேண்டி வந்தது இன்னொரு காரணம்.

சரி, அச்சிடுதலுக்கு வருவோம். பொதுவாக எல்லோருக்கும் தெரிந்தது பவுடர் படுக்கை முறை: உலோகத் தூளைப் பரப்பி, லேசரால் உருக்கி, மறுபடி தூள் பரப்புவது. துல்லியமானது, நுணுக்கமானது, ராக்கெட் எஞ்சின் மாதிரி உள்ளே கால்வாய்கள் ஓடும் பாகத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரு லேசர் ஒரு மணி நேரத்தில் உருக்குவது கிராம் கணக்கில்தான். பல லேசர் வைத்தாலும் அறையின் அளவு தாண்டாது. பெரிய பாகத்துக்கு இங்கே பேசப்போவது கம்பியை உருக்கிப் படியவைக்கும் முறைகளை: மின்வில் (வெல்டிங் சுடர்), பிளாஸ்மா, லேசர், எலக்ட்ரான் கற்றை. இதில் மணிக்கு சில கிலோ வரை படியவைக்கலாம். ரோபோ கை எட்டும் தூரம்தான் அளவு. வடிவம் கரடுமுரடாக வரும், மேல் தோலை மெஷினில் சீவியாக வேண்டும். ஆனாலும் 20க்கு 1 என்பது 3க்கு 1, 2க்கு 1 என்று இறங்கிவிடும்.

இது நடைமுறைக்கு வந்த விஷயம்தான். நார்ஸ்க் டைட்டானியம் நிறுவனம் பிளாஸ்மா வில்லால் கம்பியை உருக்கிச் செய்த டைட்டானியக் கட்டமைப்புப் பாகங்கள் 2017இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஒப்புதலோடு 787க்குப் போயின. 2018இல் லாக்ஹீட் மார்ட்டின் செயற்கைக்கோள் எரிபொருள் தொட்டிக்கு 46 அங்குலம், அதாவது சுமார் 1.17 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் குவிமாடங்களை எலக்ட்ரான் கற்றையால் அச்சிட்டுத் தகுதிச் சோதனைகளை முடித்தது. பழைய முறையில் 80 சதவீதத்துக்கு மேல் உலோகம் வீணானது என்றும், இரண்டு வருடம் ஆன வேலை மூன்று மாதமாகக் குறைந்தது என்றும் அந்த நிறுவனம் சொன்னது. இதில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு விவரம் உண்டு. தொட்டியின் இரண்டு முனைக் குவிமாடங்கள் மட்டும்தான் அச்சிட்டவை. நடுவில் உள்ள உருளை வழக்கமான முறையில் செய்தது. மூன்றையும் பற்றவைத்துத் தொட்டியாக்கினார்கள். ஒரே சீரான உருளையை அச்சிடுவதில் யாருக்கும் ஆதாயமில்லை. அதைத் தகடு வளைத்தோ உருட்டியோ செய்வதுதான் மலிவு. இந்தப் பகுத்தறிவுதான் நான் சொல்ல வருவதன் எளிய வடிவம்.

இப்போது, அச்சிட்ட உலோகத்தில் என்ன குறை? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

விமானத் துறையில் 6-4 என்று அழைக்கும் டைட்டானியத்தை எடுத்துக்கொள்வோம், 6% அலுமினியமும் 4% வனேடியமும் கலந்தது. உருகிய குட்டை உறையும்போது, கீழே ஏற்கெனவே உறைந்த படிகத்தின் மேலேயே புதுப் படிகம் அதே திசையில் வளர்கிறது. பல உலோகக் கலவைகளில் உறையும் முனைக்கு முன்னால் கலப்புத் தனிமங்கள் ஒதுக்கப்பட்டுச் சேர்ந்து, புதிய படிகங்கள் முளைக்க இடம் கொடுக்கும். அலுமினியமும் வனேடியமும் டைட்டானியத்தில் அந்த வேலையைச் செய்வதே இல்லை. புதிய முளை எதுவும் இல்லாததால் ஒரே படிகம் அடுக்கு அடுக்காக மேலே ஏறிக்கொண்டே போகும். உறையும்போது உருவாகும் இந்த பீட்டா (டைட்டானியத்தின் உயர்வெப்ப நிலை) படிகங்கள் சென்டிமீட்டர் கணக்கில் தூண் தூணாக நிற்பதை, வெட்டி அமிலத்தில் நனைத்த துண்டில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். குளிர்ந்த பிறகு உள்ளே ஆல்ஃபா (குறைவெப்ப நிலை) நுண்கட்டமைப்பு உருவானாலும் தூண்களின் எல்லைகள் அப்படியே நிற்கும். விளைவு, பாகம் திசைக்குத் திசை வேறு மாதிரி நடந்துகொள்ளும். தூண்களுக்குக் குறுக்காக இழுத்தால் நீளும் தன்மை குறைகிறது, ஏனென்றால் அந்த எல்லைகள் எல்லாம் இழுவிசைக்குச் செங்குத்தாக நிற்கின்றன. உலோகச் சோர்வு (திரும்பத் திரும்ப வரும் சுமையில் விரிசல் விடுவது) முடிவுகளும் சிதறலாக வரும். டிசைன் செய்பவர் எப்போதும் மோசமான திசையின் எண்ணைத்தான் எடுக்க முடியும்.

இரண்டாவது குறை எஞ்சிய தகைவு, அதாவது வெளிச்சுமை இல்லாதபோதும் உள்ளே தங்கிவிடும் விசை. ஒவ்வொரு அடுக்கும் குளிர்ந்து சுருங்கும்போது கீழே உள்ளதை இழுக்கும். இது அடுக்கடுக்காகச் சேர்ந்து சில இடங்களில் உலோகத்தின் தாங்கும் வரம்பையே நெருங்கிவிடும். அடித்தட்டிலிருந்து கழற்றியதும் பாகம் வில்லாக வளைந்துகொள்ளும். ஒரு ஜாண் நீளத் துண்டில் இது தொல்லை என்றால், இரண்டு மீட்டர் ஸ்பாரில் (இறக்கையின் நீளத் தண்டு) பாகமே கைவிட்டுப் போகும்.

மூன்றாவது அலுமினியத்துக்கு உரியது: நுண்துளைகள். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும், உறையும்போது அந்தக் கொள்ளளவு ஏறக்குறைய இருபதில் ஒன்றாகச் சரிந்துவிடும். மிச்சம் குமிழியாக உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கம்பியின் மேல் ஒட்டிய ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் போதும், இதற்கு வேறு காரணமே வேண்டாம்.

இந்த மூன்றுக்கும் ஒரே மருந்தாக வந்ததுதான் அடுக்குகளுக்கு இடையே ரோலிங். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் வில்லியம்ஸ் குழுவினர் இதை நீண்ட காலமாகச் செய்துவருகிறார்கள். ஓர் அடுக்கு படிய வேண்டும், ஆற வேண்டும், அதன் மேல் ஒரு உருளை அழுத்திக்கொண்டே போக வேண்டும். பிறகு அடுத்த அடுக்கு. ப்ரஸ் கணக்கை இங்கே மறுபடி போடுங்கள். உருளைக்கும் சுவருக்கும் இடையே தொடும் பரப்பு 6 மில்லிமீட்டருக்கு 10 மில்லிமீட்டர் என்றால் 60 சதுர மில்லிமீட்டர். ஆறிய டைட்டானியத்துக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டன் என்று வைத்தாலும் 60 கிலோநியூட்டன்தான், சுமார் 6 டன். கிரான்ஃபீல்டு சோதனைகளில் 50, 75 கிலோநியூட்டன் என்று பயன்படுத்தியதும் இந்த அளவில்தான் விழுகிறது. 30,000 டன் எங்கே, 6 டன் எங்கே! பாகம் எவ்வளவு பெரிதானாலும் அந்த 6 டன் மாறுவதில்லை, நேரம் மட்டும் கூடும். கொல்லன் சம்மட்டியால் இடம் இடமாக அடித்து நீளக் கத்தியைச் செய்வதும் இதே தர்க்கம்தான், அவனுக்குக் கத்தியின் நீளத்துக்கு ஒரு சம்மட்டி தேவைப்படவில்லை.

இந்த ரோலிங்கால் டைட்டானியத்தில் கிடைத்த பலன் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. சென்டிமீட்டர் நீளத் தூண்கள் போய், எல்லாப் பக்கமும் ஒரே அளவான, சுமார் 100 மைக்ரான் அளவுப் படிகங்கள் வந்தன. திசைக்குத் திசை இருந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்தது. ஆச்சரியம் என்னவென்றால், இதற்குத் தேவைப்பட்ட திரிபு (உருமாற்ற அளவு) மிகக் குறைவு. வழக்கமான ஃபோர்ஜிங்கில் படிகத்தை உடைக்க உலோகத்தைப் பலமுறை பெரிய அளவில் நசுக்குவார்கள். இங்கே அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை. காரணம், அச்சிடுதலே கொடுக்கும் வெப்பம். உருளை அழுத்திய உலோகத்தில் உள்ளே படிக ஒழுங்கில் குலைவுகள் சேர்ந்திருக்கும். அடுத்த அடுக்கு மேலே படியும்போது அந்த இடம் சுமார் 995 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகி பீட்டா நிலைக்குத் திரும்புகிறது. அப்போது குலைந்த இடங்களிலிருந்து புதிய திசைகளில் பீட்டா படிகங்கள் முளைக்கின்றன. அழுத்தம் விதை போடுகிறது, வெப்பம் முளைக்கவைக்கிறது என்று சொல்லலாம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் பிராங்னெல் குழுவினர் இந்த நுட்பத்தைப் படிக அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். அடுத்த அடுக்கு படியும்போது முந்தைய அடுக்கின் மேல் பகுதி மறுபடி உருகும். உருளையின் அழுத்தம் சென்ற ஆழம் அந்த மறு உருகல் ஆழத்தைவிட அதிகமாக இருந்தால்தான் புதிய படிகங்கள் பிழைக்கும். ஆழம் போதாவிட்டால், நீங்கள் கஷ்டப்பட்டு அழுத்தியதையெல்லாம் அடுத்த வில் உருக்கி அழித்துவிட்டுப் போகும். உருளையின் விட்டம், விளிம்பின் வடிவம், விசை, அடுக்கின் உயரம், வில்லின் சக்தி, எல்லாம் இந்த ஒரு ஒப்பீட்டுக்குள் வந்து சேர்கின்றன.

அலுமினியத்தில் கதை வேறு, ஆனால் நல்ல கதை. செம்பு கலந்த 2319 வகை அலுமினியக் கம்பியால் படியவைத்து 45 கிலோநியூட்டனில் உருட்டியபோது நுண்துளைகள் ஏறக்குறைய காணாமல் போயின. இன்னொரு நன்மையும் உண்டு. இதன் நெருங்கிய உறவான 2219 வகைக் கலவைக்கு முழு வலிமை கிடைப்பது, சூட்டில் கரைத்துத் தணித்து, குளிர்நிலையில் கொஞ்சம் உருமாற்றி, அப்புறம் மிதமான சூட்டில் வைத்து முதிரவைக்கும்போதுதான். டி87 என்று பெயர்பெற்ற நிலையில் அந்தக் குளிர் உருமாற்றம் சுமார் 7%. அச்சிட்ட பாகத்தை இழுத்தோ அமுக்கியோ உருமாற்ற வழியில்லாதபோது இந்த வலிமை கைக்கெட்டாது. கடைசியில் ஓர் உருமாற்றக் கட்டம் இருக்கும்படி செயல்முறையை அமைத்தால், வடிவம் கொடுக்கும் அழுத்தமே வலிமையும் கொடுக்கும்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். சாதாரண தொழிற்சாலை ரோபோவின் கை சில நூறு கிலோவைத் தாங்கும், 6 டன்னைத் தாங்காது. ஆக ரோலிங் என்றதும் ரோபோவை விட்டுக் கனமான சட்டகம் கொண்ட இயந்திரத்துக்குப் போக வேண்டும். நேர் சுவரில் உருளை ஜோராக ஓடும். வளைந்த சுவரில் திருப்ப வேண்டும். இரண்டு சுவர்கள் டி வடிவில் சேரும் இடத்தில் உருளை முழுதாக உட்காரவே உட்காராது, அங்கே பழைய தூண் படிகங்கள் மிச்சமிருக்கும். விமானப் பாகத்தில் தகைவு குவிவது பெரும்பாலும் அந்தச் சந்திகளில்தான் என்பது கசப்பான விஷயம். மெல்லிய சுவரை அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும், அதற்காகக் குழிவான விளிம்புள்ள உருளைகள் வைக்கிறார்கள். நேரமும் இருக்கிறது: 300 மில்லிமீட்டர் உயரச் சுவர், அடுக்குக்கு 1.2 மில்லிமீட்டர் என்றால் 250 அடுக்கு. 250 முறை ஆறக் காத்திருந்து, 250 முறை உருட்ட வேண்டும். மணிக்கு இத்தனை கிலோ என்று பிரசுரத்தில் போடும் எண் இந்தக் காத்திருப்பைச் சேர்க்காத எண் என்பதை மறந்துவிடாதீர்கள்.

காத்திருக்காமல் சூடாக இருக்கும்போதே உருட்டினால் என்ன? சீனாவின் ஹுவாஜோங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜாங் ஹாய்யோ குழு எடுத்த வழி அதுதான். வில்லுக்குப் பின்னாலேயே ஒரு சிறிய உருளை ஒட்டிக்கொண்டு வருகிறது, உலோகம் இன்னும் மிருதுவாக இருப்பதால் விசை மிகக் குறைவாகப் போதும். வேகம் மிச்சம், இயந்திரம் இலகு. ஆனால் சூட்டில் கொடுத்த திரிபு உள்ளே தங்காமல் உடனே தளர்ந்துவிடும் வாய்ப்பும் அதிகம், எஞ்சிய தகைவைக் குறைப்பதில் குளிர் உருட்டலைப் போல வலுவாக இருக்காது. எஃகில் இது எனக்கு மிகவும் நியாயமான தேர்வாகத் தெரிகிறது. டைட்டானியத்தில் எந்த வெப்பநிலையில் உருளை தொடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் பேச முடியும்.

மூன்றாவது வழி சுத்தியல். இயந்திரச் சுத்தியலோ அல்ட்ராசோனிக் ஊசியோ கொண்டு அடுக்கின் மேல் தட்டிக்கொண்டே போவது. ரோபோ கை தாங்கும், சந்தி மூலைகளுக்குள்ளும் நுழையும். தட்டலின் தாக்கம் இறங்கும் ஆழம் குறைவு, ஆகவே மேலே சொன்ன மறு உருகல் ஒப்பீட்டில் இது அடிக்கடி விளிம்பில் நிற்கும். நேர் சுவருக்கு உருளையும் சந்திக்குச் சுத்தியலும் என்று பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. உலோகத்தை உருக்காமலேயே, சுழலும் கருவியின் உராய்வில் மிருதுவாக்கிப் பிசைந்து படியவைக்கும் முறையும் இருக்கிறது. அதில் அச்சிடுதலும் உருமாற்றமும் ஒரே கணத்தில் நடப்பதால் படிகம் நுண்மையாகவே வரும். ஆனால் முதிர்வால் வலிமை பெறும் அலுமினியத்தில் அந்த உராய்வுச் சூடே கீழ் அடுக்குகளின் வலிமையைக் கரைத்துவிடும், பின்னால் முழு வெப்பப் பதப்படுத்தல் வேண்டியிருக்கும்.

இதுவரை பேசியது அடுக்குக்கு இடையே அழுத்துவது. முழுதும் அச்சிட்டு முடித்துவிட்டு, அந்த வடிவத்தை ஒரே அடியில் டையில் ஃபோர்ஜ் செய்வது இன்னொரு பாதை. வார்த்த அலுமினியத்தை ஒரே அடியில் ஃபோர்ஜ் செய்யும் வழக்கம் வாகனத் துறையில் ஏற்கெனவே உண்டு, அதன் உறவுக்காரன்தான் இது. இடைக்கட்ட டைகள் தேவையில்லை, டைக்கு வெளியே பிதுங்கி வீணாகும் உலோகம் குறையும், உள் துளைகள் மூடும், தூண் படிகங்கள் உடையும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி அடிக்கு வேண்டிய விசை பாகத்தின் பரப்பைப் பொறுத்தது, அந்தப் பரப்பு மாறவில்லை. அதாவது மிகப் பெரிய பாகம் என்றால் அதே ராட்சத ப்ரஸ்ஸின் வரிசையில்தான் போய் நிற்க வேண்டும். அதோடு டையைத் தொடும் சில மூலைகளில் உலோகம் நகரவே நகராது, அங்கே திரிபு சேராததால் படிகம் பழையபடியே இருக்கும். அச்சிடும் வடிவத்தை வேண்டுமென்றே இறுதி வடிவத்திலிருந்து சற்று மாற்றி, எல்லா இடமும் குறைந்தபட்சம் இவ்வளவாவது நசுங்கும்படி திட்டமிட வேண்டும். நடுத்தர அளவு பிராக்கெட், ஹிஞ்ச் வகைகளுக்கு இதைப் பரிந்துரைப்பேன். ‘பெரிய பாகம்’ என்ற தலைப்புக்குக் கீழே இதை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பெரிய பாகத்துக்கு என்னைக் கேட்டால் அதிக வாய்ப்புள்ளது வேறொரு பாதை: தட்டை, தகட்டை அல்லது எளிமையான ஃபோர்ஜிங்கை அடியாக வைத்து, அதன்மேல் தேவையான இடத்தில் மட்டும் அச்சிடுவது. உண்மையில் கம்பி முறையில் அச்சிடும் பல பாகங்கள் ஏற்கெனவே இப்படித்தான் இருக்கின்றன. அடித்தட்டாக வைக்கும் உருட்டிய டைட்டானியத் தட்டு கடைசியில் பாகத்தின் வெப்பாகவே (விலாக்களுக்கு இடையிலான தட்டைச் சுவர்) தங்கிவிடுகிறது, விலாக்கள் மட்டும் அச்சில் வருகின்றன. தட்டின் ஒரு பக்கம் ஓர் அடுக்கு, திருப்பி மறுபக்கம் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் படியவைத்தால் வளைவுகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். பாகத்தில் சமச்சீர் தளம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது இதற்காகத்தான்.

ராக்கெட் தொட்டியின் சுவரைப் பாருங்கள். உள்பக்கம் முக்கோணமோ சதுரமோ ஆன விலா வலை, வெளியே மெல்லிய தோல். வழக்கமாகத் தடித்த தட்டில் பெரும்பகுதியைச் சீவி எறிந்து இந்த வலையை எடுத்து, அப்புறம் உருளையாக வளைத்து, உராய்வுக் கிளறல் முறையில் (உருக்காமல், சுழலும் கருவியின் உராய்வால்) பற்றவைப்பார்கள். மெல்லிய தகட்டில் விலாவை அச்சிட்டால் சீவல் மிச்சம். எதை முதலில் செய்வது, வளைப்பதா அச்சிடுவதா?

தட்டையாக இருக்கும்போதே அச்சிடுவது சுலபம். ஆனால் அப்புறம் வளைக்கும்போது தோலைவிட விலாவின் நுனிக்கு அதிகத் திரிபு போகும், தோராயமாக விலாவின் உயரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் வரும் அளவு. 40 மில்லிமீட்டர் உயர விலா, 2 மீட்டர் ஆரம் என்றால் 2%. விலா உள்பக்கம் இருந்தால் அது அமுக்கத் திரிபு, மெல்லிய விலா நெளிந்துவிடும். தட்டில் சீவிய வலையை வளைக்கும்போதும் இதே சிக்கல் உண்டு, அதனால்தான் குழிகளுக்குள் நிரப்பிக் கட்டைகளை வைத்து வளைக்கிறார்கள். டைட்டானியம் என்றால் ஸ்பிரிங்பேக் (விசையை எடுத்ததும் பழைய வடிவத்தை நோக்கித் திரும்புவது) வேறு. அதன் வலிமை அதிகம், விறைப்பு எஃகில் பாதிதான். 900 மெகாபாஸ்கல் தாங்கும் உலோகம் சுமார் 0.8% வரை மீள்தன்மையோடு திரும்பும். கொடுத்ததே 2% எனும்போது அதில் 0.8 திரும்பினால் கருவியின் வடிவத்தை எவ்வளவு மிகைப்படுத்த வேண்டும் என்று யோசியுங்கள். 700 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அழுத்தியபடியே தகைவு தளரக் காத்திருந்தால் இது தீரும். டைட்டானியத் தகட்டை இப்படித்தான் பல இடங்களில் வளைக்கிறார்கள், அந்தச் சூடு அச்சிட்ட விலாவின் எஞ்சிய தகைவையும் கூடவே எடுத்துவிடும். ஜெர்மனியின் எர்லாங்கனில் மரியன் மெர்க்லைன் குழு 6-4 தகட்டின் மேல் லேசரால் சிறு உறுப்புகளை அச்சிட்டு, பின்னர் சூட்டில் உருமாற்றி ஆராய்ந்திருக்கிறது. அச்சிட்ட உறுப்பின் அடி விளிம்பில் தகடு எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அங்கே பெரிய கேள்வி.

முதலில் வளைத்துவிட்டு, வளைந்த பரப்பின் மேல் அச்சிடுவது மறுபக்கம். விலா நெளியும் பயம் இல்லை. ஆனால் 2-3 மில்லிமீட்டர் தோலின் மேல் மின்வில்லை வைத்தால் அது தாம்பாளம் போல வாரிச் சுருட்டிக்கொள்ளும். பின்னால் தாங்கும் கருவி வேண்டும், விலா வரும் வரியில் தோலைக் கொஞ்சம் தடித்து விட வேண்டும். அலுமினியத்தில் இன்னொரு நஷ்டம்: டி87 தகட்டை வாங்கி மேலே வில்லை ஓட்டினால் அந்த வரி முழுக்க வலிமை இறங்கிவிடும். அதனால் என் விருப்பம் பொருளுக்குப் பொருள் மாறும். அலுமினியம் என்றால் மிருதுவான நிலையில் அச்சிட்டு, வளைத்து, அப்புறம் முதிரவைப்பது. டைட்டானியம் என்றால் சூட்டில் வளைத்துவிட்டு அச்சிடுவது, அல்லது விலா குட்டையாக இருந்தால் அச்சிட்டபின் சூட்டில் வளைப்பது.

அச்சிடாமலே இதே பாகத்தை எடுக்கும் போட்டியாளர்களையும் மறக்கக்கூடாது. பள்ளங்கள் வெட்டிய உருளைக் கருவியின் மேல் அலுமினியத்தை உருளைகளால் பிதுக்கி, விலாக்களோடு சேர்ந்த உருளையை ஒரே வேலையில் எடுக்கும் முறையை நாசா லாங்லி மையம் வளர்த்திருக்கிறது. நீளவாக்கு விலா மட்டும் போதும் என்றால் அதன் பக்கத்தில் அச்சிடுதல் நிற்காது. ரிலேட்டிவிட்டி ஸ்பேஸ் நிறுவனம் எடையில் 85% அச்சிட்ட டெரான் 1 ராக்கெட்டை மார்ச் 2023இல் ஏவியது. அது மிகக் கடுமையான காற்றழுத்தக் கட்டத்தைத் தாண்டியது, சுற்றுப்பாதையை எட்டவில்லை. அடுத்த ராக்கெட்டான டெரான் ஆரில் நேரான உருளைப் பகுதிகளுக்கு வழக்கமான அலுமினியத் தகட்டு முறைக்கே அவர்கள் மாறினார்கள். சிலர் இதைத் தோல்வி என்றார்கள். எனக்கு அது வடிவத்தைப் பார்த்து முறையைத் தேர்ந்த நிதானமான முடிவாகத்தான் தெரிகிறது.

கடைசியாகச் சான்றிதழ், ஏனென்றால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. ஃபோர்ஜிங்குக்குப் பல பத்தாண்டுகளின் தரவு இருக்கிறது. அச்சிடுதலுக்கு இப்போதுதான் சேர்ந்துவருகிறது, நாசா விண்கலப் பாகங்களுக்கான தன் அச்சிடுதல் தரநிலையை வெளியிட்டதே 2021இல்தான். இரண்டையும் சேர்த்த பாகத்தில் அடித்தட்டின் உலோகம், அச்சிட்ட உலோகம், இடையில் வெப்பம் தின்ற மெல்லிய எல்லை என்று மூன்று பொருள்கள் இருப்பதாகத்தான் கணக்கு. மூன்றுக்கும் தனித்தனியே சோதனைத் துண்டுகள் எடுத்து எண்களைக் காட்ட வேண்டும். ரோலிங் சேர்த்தால் உருளையின் விசைப் பதிவும் வில்லின் பதிவைப் போலவே தர ஆவணமாகிவிடும், ஓர் அடுக்கில் உருளை சரியாக அழுத்தவில்லை என்றால் அது குறையாகப் பதிவாக வேண்டும். இந்தச் செலவை முன்கூட்டியே போடாததால்தான் பல திட்டங்கள் மாதிரிப் பாகத்தோடு நிற்கின்றன. ஆறுதலாக ஒன்று உண்டு. பெரிய தூண் படிகங்கள் அல்ட்ராசோனிக் அலையைக் கண்டபடி சிதறடித்துத் திரையில் இரைச்சலாகக் காட்டும், உள்ளே சிறிய குறை இருந்தாலும் தெரியாது. ரோலிங்கால் படிகம் நுண்மையானால் அந்த இரைச்சல் அடங்கும், சோதனையில் சிறிய குறையும் பிடிபடும். வலிமையைவிட இந்தக் காரணத்துக்காகவே ரோலிங்கை ஏற்றுக்கொள்ளும் தரப் பொறியாளர்கள் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் கையில் ஒரு குறிப்பிட்ட பாகம் இருந்தால், முதலில் அதை மனதிலேயே வெட்டிப் பாருங்கள். சீரான தோல், நேரான உருளை, ஒரே தடிமனுள்ள வெப் எல்லாம் தட்டுக்கும் தகட்டுக்கும் போகட்டும். மிச்சமுள்ள விலா, மேடு, லக் (இணைப்புக் காது) மட்டும் அச்சுக்கு. அந்த விலாக்கள் நீளமாகவும் நேராகவும் இருந்து சோர்வு முக்கியமான பாகமாகவும் இருந்தால் ரோலிங்குக்கு விலை கேளுங்கள். சந்திகள் நெருக்கமாக இருந்தால் சுத்தியல் தட்டலைக் கேளுங்கள். சுமை குறைவு, விறைப்புக்காக மட்டும் நிற்கும் விலா என்றால் வெறும் அச்சும் தகைவு நீக்கும் வெப்பப் பதமும் போதும், உருளை வேண்டாம்.